குட்டி வீசிய ஆடுகளும் இரத்தப் பரிசோதனையும்

வவுணதீவு.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. திருக்கோவிலில் மகளின் வீட்டு வேலை தொடங்கிவிட்டதை அறிந்து மகிழ்ந்தோம். இங்கும் அனைவரும் சுகம். ஆனால் உமது பட்டியில் இரண்டு ஆடுகள் மாதம் நிரம்புமுன் குட்டி வீசியதாகவும், மறுநாளே எடுத்த இரத்தத்தில், ஆடுகளைக் குட்டி வீசவைத்து மனிதருக்கும் தொற்றும் கிருமி நோயான புரூசெல்லோசிஸ் இல்லையென்று வந்ததால் மனம் ஆறியதாகவும் எழுதியிருந்தீர். அந்த ஆறுதலுக்கு இன்னும் காலம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

கிருமி தொற்றிய ஆட்டின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தெரியும் அளவுக்கு ஏறச் சில வாரங்கள் செல்லக்கூடும். ஆகவே, குட்டி வீசிய கையோடு எடுத்த இரத்தத்தை மட்டும் நம்பாமல், ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுப்பதே முறை. அப்போதும் அந்த இரண்டை மட்டுமல்ல, பட்டியில் வளர்ந்த ஆடுகள் அனைத்தையும் சோதிக்க வேண்டும். மால்டா தீவில் பிரித்தானிய இராணுவ வைத்தியர் டேவிட் புரூஸ் 1887இல் இக்கிருமியைப் பிரித்தெடுத்த பிறகும், அது ஆட்டுப்பாலில் வருகிறதென்று மால்டா வைத்தியர் சம்மித் 1905இல் கண்டறியும்வரை எவரும் ஆட்டைச் சந்தேகிக்கவில்லை. பாலில் கிருமியைக் கழித்த அந்த ஆடுகள் பார்வைக்கு நல்ல சுகத்துடனேயே இருந்தன.

அந்த எதிர்ப்புப் பொருளைத் தேடும் றோஸ் பெங்கால் பரிசோதனையை நீர் ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இளஞ்சிவப்புத் திரவத்தை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, வெள்ளைத் தட்டில் சீரத்தோடு (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கலந்து, நான்கு நிமிடம் மெல்ல ஆட்டுவார்கள். நோய்த்தொற்று உள்ள சீரமானால், திரிந்த பாலைப் போல அது பொருக்குப் பொருக்காகப் பிரியும். மாட்டுக்கு இரண்டையும் சம அளவில் விடுவது வழக்கம். ஆட்டுக்கும் செம்மறிக்கும் 25 மைக்ரோலீற்றர் திரவத்துக்கு 75 மைக்ரோலீற்றர் சீரம் விட்டால்தான் தப்பிப்போகும் ஆடுகள் குறையும். எந்த அளவில் செய்தார்கள் என்று தயங்காமல் கேளும். பொருக்கு வந்தாலும் அதுவே முடிந்த தீர்ப்பல்ல. தடுப்பூசி போட்ட ஆட்டிலும் அப்படி வரலாம் என்பதால், எலைசா போன்ற வேறொரு சோதனையால் உறுதிசெய்வார்கள்.

பசுவின் பாலிலேயே எதிர்ப்புப் பொருளைத் தேடும் பால் வளையச் சோதனை போதாதா என்று கேட்டிருந்தீர். ஆட்டுப்பாலில் அதை நம்ப முடியாது. செம்மறிக் கடாவின் விதையை வீங்கவைக்கும் புரூசெல்லா ஓவிஸ் இன்னொரு வகை. றோஸ் பெங்காலில் அது அகப்படாது, அதற்கென வேறு சோதனை கேட்க வேண்டும்.

முடிவு வரும்வரை ஆடு விற்கவோ வாங்கவோ வேண்டாம். வீசிய குட்டியையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதையும். நாய் இழுத்துத் திரிந்தால் வளவெல்லாம் கிருமிதான். பாலைக் கொதிக்க வைத்தே குடியும். தம்பிக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் வைத்தியரிடம் காட்டும்போது, பட்டியில் குட்டி வீசியதையும் மறக்காமல் சொல்லச் சொல்லும்.

மிருக வைத்தியர் இரத்தம் எடுக்க வரும் நாளை எனக்கு முன்கூட்டியே எழுதும். ஐஸ் பெட்டியில் கொண்டுபோவதானால் குழாய்கள் ஐஸில் முட்டாதபடி துணி சுற்றி வையும். இரத்தம் உறைபனியானால் சீரம் சிவந்து, சோதனைக்கு உதவாமல் போய்விடும்.

அன்புடன்,
உமது நண்பன்