விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரச் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், பிரிந்துபோன கணவரின் கடன் தன் தலையில் விழாமல் இருக்க என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 'கடனை அவரே கட்டுவார் என்று மனுவில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதன்பின் உங்களுக்குப் பொறுப்பில்லை' என்பது பதில். எழுதி வாங்கச் சொன்னது சரி. பொறுப்பில்லை என்றது ஆளைக் கவிழ்த்துவிடும். வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்ட கடனில், முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வங்கி கேட்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் 128ஆம் பிரிவின்படி கடன் வாங்கியவர் அளவுக்கே பொறுப்பு. விவாகரத்து வழக்கில் வங்கி ஒரு தரப்பே அல்ல. அந்தத் தீர்ப்பைக் காட்டி முன்னாள் கணவரிடம் பணத்தை வசூலிக்கலாம், வங்கியின் வாயை அடைக்க முடியாது.

கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. கணவர் பச்சைத் தேயிலை ஏற்ற ஒரு பிக்கப் வண்டி வாங்கியபோது, சம்பளச் சீட்டு இவரிடம் இருந்ததால் இவரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். பிரிந்தபோது வண்டியும் கடனும் அவருக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அவர் வண்டியோடு மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார். மகளுக்குக் கோவையில் நர்சிங் சீட் கிடைத்து, கல்விக் கடனுக்கு இந்த அம்மா போனபோதுதான் விஷயம் வெடித்தது. கல்விக் கடனில் பெற்றோரும் கடன்தாரராகச் சேர வேண்டும், அதனால் அவருடைய கடன் அறிக்கையையும், அதாவது யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்ற பதிவையும் எடுப்பார்கள். மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். வண்டிக் கடன், கூட்டுக் கணக்கு. மாதவாரிக் கட்டங்களில் முதலில் வரிசையாக 000. அப்புறம் 030, 061, 091. தவணை எத்தனை நாள் தவறியது என்ற கணக்கு அது. 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்திவிடும். "கோர்ட்டே அவர்தான் கட்டணும்னு சொல்லிடுச்சே சார்" என்று என்னிடம் வந்து கேட்டார். என்ன சொல்வது?

இந்த மலையில் இது அடிக்கடி நடக்கக் காரணம் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் 'பிரிவு 17 நிலம்' என்று சொல்லப்படும், உரிமை இன்னும் முடிவாகாத நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஜன்மம் என்ற பரம்பரை நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இழுபறி இன்னும் தீரவில்லை. பட்டா இல்லாத இடத்தை வைத்துக் கடன் வாங்குவது குதிரைக்கொம்பு. கடைசியில் ஈடாக நிற்பது மனைவியின் கையெழுத்தும் கழுத்துச் செயினும்தான். அந்தச் செயினைக் கணவர் பெயரில் அடகு வைத்திருந்தால், மீட்கும்போது சீட்டில் பெயர் உள்ளவர் கையில்தான் தருவார்கள் என்பதையும் பெண்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பயப்படத் தேவையில்லாத இடமும் இருக்கிறது. கணவர் தன் பெயரில் மட்டும் வாங்கிய கடனுக்கு, மனைவி என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் பொறுப்பாளி ஆக மாட்டீர்கள், அது உங்கள் அறிக்கையிலும் ஏறாது. வசூல் ஆள் வாசலில் வந்து கத்தினாலும் சரி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டு போன் செய்யவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆனால் குழுக் கடன் உங்கள் பெயரில் எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தால் அது உங்கள் கடன்தான், பணம் எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே மனு போடுவதற்கு முன்பே கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடம் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் அதில் உள்ள கடன் மதிப்பெண் குறையாது. அதில் கூட்டுக் கணக்கு, ஜாமீன் என்று எது இருந்தாலும் அதைப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் பிரிய வேண்டும். பரஸ்பர சம்மத மனுவுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவிலும், கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவிலும், மனு போட்டதிலிருந்து இரண்டாவது வாய்தா வரை ஆறு மாத இடைவெளி இருக்கிறது. அந்த அவகாசத்தில் வண்டியை விற்றுக் கடனை முடிக்கலாம், அல்லது அவர் தனியாகப் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம். உங்கள் பெயரை மட்டும் நீக்கும்படி கேட்கலாம்தான், ஆனால் அது வங்கியின் விருப்பம், பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள். கடன் முடிந்தது என்ற சான்றிதழைக் கண்ணால் பார்த்தபிறகு இரண்டாவது வாய்தாவுக்குப் போங்கள்.

காலம் கடந்துவிட்டதா? தாங்கக்கூடிய தவணை என்றால் நீங்களே கட்டிவிடுங்கள் என்பேன். வயிறு எரியும், தெரியும். வீம்புக்கு விட்டால் கெடுவது உங்கள் பெயரும்தான். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தால், ஒப்பந்தத்தைக் காட்டி அவரிடம் வசூலிக்க வழக்குப் போடலாம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. பல வீடுகளில் மனைவியின் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் கணவரின் போன் நம்பர்தான் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். கையில் பேன் கார்டு நகலும் இருந்தால், செயலி வழியாக உங்கள் பெயரில் கடன் எடுக்க வேறென்ன வேண்டும்? பிரிந்தவுடன் முதல் வேலையாக நம்பரை மாற்றுங்கள். அப்படி உங்களுக்குத் தெரியாமல் எடுத்த கடன் அறிக்கையில் இருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் உண்மையாக நீங்கள் போட்ட கையெழுத்தை எந்தப் புகாராலும் அழிக்க முடியாது. 'சிபில் சரிசெய்து தரப்படும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆட்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அந்த வாசகிக்குத் திருத்தப்பட்ட பதிலை அதே பகுதியில், அதே அளவில் வெளியிட வேண்டுகிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அங்கே மனு எழுதும்போதே கடன் அறிக்கையின் நகலையும் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கோத்தகிரி