பேரிக்கு யூரியா எப்போது?

அஸ்தம்பட்டி, சேலம்
செப்டம்பர் 28

அன்புள்ள சின்னதம்பி,

கடிதம் கிடைத்தது. தங்கச்சி மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்பச் சந்தோஷம். கல்யாணம் தையில் என்றால் கவாத்து, அதாவது கிளை வெட்டுகிற வேலையும் அதோடு வந்து மோதும். நாகலூரில் ஆள் கிடைப்பது லேசில்லை, இப்போதே சொல்லி வை.

பேரி மொட்டு விடும்போது மரத்துக்கு ஒரு கிலோ யூரியா வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது பூவுக்குப் போய்ச் சேராது. மொட்டு வெடித்து மூன்று நாலு வாரம் வரை வேர் மண்ணிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பெரிதாக எடுப்பதில்லை. பூவும் முதல் துளிரும் முந்தின வருஷம் மரம் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் வளர்கின்றன. ஆப்பிள், பேரி மரங்களுக்கு நைட்ரஜன்-15 என்ற, தனியாக அடையாளம் காணக்கூடிய நைட்ரஜனைக் கொடுத்து, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்த சோதனைகளில் இது தெளிவாகிவிட்டது. நீ வைக்கிற யூரியா தாமதமாக ஏறி, காய் பிடித்த பிறகு காய்க்காமல் நெடுக வளர்கிற நீர்ப்போத்துகளைத்தான் கிளப்பும்.

மரம் சேர்க்கிற காலம் இனிமேல்தான் வருகிறது. இலையின் தழைச்சத்தில் பெரும்பங்கு, ஒளிச்சேர்க்கை செய்கிற புரதங்களில் இருக்கிறது. இலை பழுக்கும்போது மரம் அந்தப் புரதத்தை உடைத்து, அமினோ அமிலமாக்கி, காம்பு வழியாக இறக்கிக்கொள்ளும். நல்லபடி பழுத்தால் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். அது தண்டுப் பட்டையிலும் வேரிலும் சேமிப்புப் புரதமாக, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமாகத் தங்கும். ஆர்ஜினினில் ஆறு கார்பனுக்கு நாலு நைட்ரஜன், அடக்கமான சரக்கு.

மரத்தடியில் விழுந்த இலைகளைப் புரட்டிப் பார். முழுக்க வெளிறி மஞ்சளாகி, தொட்டதும் காம்பு கழன்று விழுந்தது என்றால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. கரும்புள்ளியும் அதைச் சுற்றிப் பச்சையுமாகக் கிடந்தால், சத்தோடு உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். காய் இறக்கியதோடு மருந்து தெளிப்பதையும் நிறுத்திவிடுகிற தோட்டங்களில் இதுதான் நடக்கிறது. அடுத்த பருவத்தில் பூ இருக்கும், ஆனால் வலுவிருக்காது. இலை சிறுத்துவரும், பிஞ்சு நிற்காது. பழியெல்லாம் பனியின் மேல் போகும்.

அதனால் இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே, அதாவது மஞ்சள் கட்டத் தொடங்கும் முன், 3 சதவீத யூரியாக் கரைசலைத் தெளி. 10 லிட்டர் டேங்குக்கு 300 கிராம். பையுரெட் என்று யூரியாவில் கலந்திருக்கும், இலையைக் கருக்குகிற பொருள் குறைந்ததாகப் பார்த்து வாங்கு. கரைக்கும்போது தண்ணீர் சில்லிட்டுப் போகும், கரையவும் நேரம் எடுக்கும். தனி வாளியில் முழுக்கக் கரைத்து வடிகட்டி ஊற்றாவிட்டால் நாசில் அடைக்கும். இலையின் அடிப்பக்கம்தான் வேகமாக உறிஞ்சும், நாசிலைக் கீழிருந்து மேலே பிடி. நடுத்தர மரத்துக்கு 5 லிட்டர் என்றால் 150 கிராம் யூரியா, அதாவது 69 கிராம் தழைச்சத்து. மண்ணில் கொட்டி ஐப்பசி மழையில் கரைய விடுவதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டு நாள் மழை பெய்யாது என்று தெரிந்தால் மட்டும் இறங்கு. போர்டோ கலவையோடு (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சண மருந்து) கலக்காதே, அதைத் தனியாக அடி. இலை ஓரம் கொஞ்சம் கருகினாலும் கவலைப்படாதே, எப்படியும் உதிரப் போகிற இலைதான்.

ஏற்கெனவே போத்து போத்தாக வளர்ந்து நிற்கிற மரங்களுக்கு இது தேவையே இல்லை, விட்டுவிடு. மண்ணில் வைக்கிற யூரியாவை, பூ உதிர்ந்து இலை நன்றாக விரிந்தபின் இரண்டாகப் பிரித்து வை. தொழுவுரத்துக்கு இந்தக் கணக்கு இல்லை, வழக்கம்போலப் போடலாம்.

கவாத்தையும் இலை முழுக்க உதிர்ந்த பிறகே செய். ஏற்காட்டுக் குளிருக்குச் சில மரங்கள் மார்கழி வரை இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆள் வந்துவிட்டார்கள் என்பதற்காகப் பச்சை இலையோடு வெட்டினால் வெட்டியதோடு சத்தும் போகும். இலை உதிர்ந்தபின் ஒரு வருஷப் போத்தை வெட்டுவதில் நஷ்டம் குறைவு, சேமிப்பில் பெரும்பங்கு பழைய மரத்திலும் வேரிலும் இருப்பதால்.

ஒன்று முக்கியம். பேரிக்கு நடுவே காப்பி இருக்கிறதல்லவா, 3 சதவீதம் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள். அது வருஷம் முழுக்க இலையை வைத்திருக்கிற செடி, கருகினால் உனக்குத்தான் நஷ்டம். காற்று அசையாத காலை நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு மரமாக அடி. கீழே உங்கள் மாமரத்துக்கும் இதைச் செய்துவிடாதே. பூக்கும் முன் தழைச்சத்து ஏறினால் மா பூவுக்குப் பதிலாகத் துளிர்தான் தள்ளும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பத்திரிகை அடித்ததும் அனுப்பு.

அன்புடன்,
குமரேசன்