இடது கையில் ஆரம்பி

அன்புள்ள மாப்ளே,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாப்பா டிரம்ஸ் கற்றுக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தவன்தான் நான். அவளுக்கு அனுப்பலாமே என்று பாரடிடில் என்ற கைப்பயிற்சியை வாசித்து போனில் பதிவு செய்யப் போனேன். இரண்டு மாதமாக அதிலேயே கிடக்கிறேன்.

வ என்றால் வலது கை, இ என்றால் இடது கை: வ-இ-வ-வ, இ-வ-இ-இ. உனக்குத் தெரியாததா? ஒரு பீட்டுக்கு நாலு அடி. கீழே ஒன்றாம் மூன்றாம் பீட்டுக்கு வலது காலில் கிக் என்ற பெரிய டிரம், இரண்டாம் நாலாம் பீட்டுக்கு இடது காலில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு. சுத்தமாக வந்தது. இடது கையில் தொடங்கியும் ஒரு தடவை இருக்கட்டும் என்று இ-வ-இ-இ என்று ஆரம்பித்தேன். அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. கிக்கும் கை அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து 'டப்' என்று விழவேண்டிய இடத்தில் 'ட்டப்', 'ட்டப்' என்று கேட்கிறது. கால் முந்துகிறது, இடது கை பின்னால் வருகிறது. ஒரு அடி தவறவில்லை, ஆனால் ஒரு அடிகூட ஒட்டவில்லை.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பாரடிடிலில் ஒவ்வொரு நாலு அடிக்கும் முன்னணிக் கை மாறுகிறது. வலதில் தொடங்கினால் கிக் விழும்போதெல்லாம் வலது கை, ஹை-ஹாட் மூடும்போதெல்லாம் இடது கை. ஒரு பக்கத்துக் கையும் காலும் சேர்ந்தே போவதால் உடம்புக்கு அது சுலபம். இடதில் தொடங்கினால் எல்லாமே குறுக்கே: இடது கைக்கு வலது கால், வலது கைக்கு இடது கால். இத்தனை வருஷமும் நான் வலதில் மட்டுமே தொடங்கியிருக்கிறேன்! நாலு உறுப்பும் தனித்தனியாக வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஜோடி ஜோடியாகக் கட்டித்தான் கிடந்திருக்கிறது.

உன்மேல்தான் எனக்குக் கோபம். பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவன் நீ. என் கிக்கை என்னைவிட நன்றாகக் கேட்டவன். பச்சைச் சட்டைக் கச்சேரியில் அரைமணி நேரம் டியூன் பண்ணிக்கொண்டு நின்ற காதுக்கு இது கேட்காமலா போயிருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ருடிமென்ட் (பாரடிடில் மாதிரி அடிப்படை அடிக்கோர்வை) என்றாலே கைப்பாடம் என்று நாம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. படையோடு நடந்தபடி வாசித்தவர்களிடமிருந்து வந்த பாடம் அது. டிரம் இடுப்பில் தொங்கும், கால் நடக்கும். காலால் கிக் அடிக்கும் லுட்விக் பெடல் வந்ததே 1909-இல்தான். 1933-இல் அமெரிக்க டிரம்மர்கள் கூடி முக்கியமானவை என்று 13-ஐத் தேர்ந்தார்கள், 1984-இல் பட்டியல் 40 ஆனது. அதில் எதிலும் காலுக்கென்று ஒரு குறி கிடையாது. அதை நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 45 தட்டில் வைத்து உட்கார்கிறேன். முதலில் கால் மட்டும், ஐந்து நிமிஷம். பிறகு இடது கையில் பாரடிடில். கையும் காலும் மெட்ரோனோமும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மெட்ரோனோம் சத்தமே காதில் விழாது, அடியின் அடியில் புதைந்துவிடும். அது நிற்காமல் ஐம்பது தடவை புதைந்தால்தான் வேகத்தை இரண்டு ஏற்றுகிறேன். இரண்டு மாதத்தில் 45-இலிருந்து 61. ஏற்றும்போதெல்லாம் முதலில் தாடை இறுகும், அப்புறம் மூச்சு நிற்கும், அதற்கு அப்புறம்தான் கால் பிசகும். அதனால் தாடை இறுகியதுமே நிறுத்திவிடுகிறேன்.

இதைவிட அழகான ஒன்று கிடைத்திருக்கிறது, கேள். பாரடிடில்-டிடில்: வ-இ-வ-வ-இ-இ. ஆறு அடி. இதை ஒரு பீட்டுக்கு நாலு அடியாக ஓடவிட்டு, காலை அப்படியே வலது, இடது என்று மாற்றி வை. முதல் மூன்று பீட் அதே பக்கத்துக் கையும் காலும் சேரும். நாலாவது பீட்டிலிருந்து மூன்று பீட் முழுக்கக் குறுக்கே. ஏழாவதில் பழையபடி வீடு வந்து சேரும். கை எதையும் மாற்றவில்லை, காலும் மாற்றவில்லை, ஆனால் உடம்புக்குள் எல்லாம் இடம் மாறுகிறது. முதல் தடவை அது பிசகாமல் சுற்றி வந்தபோது ராத்திரி பதினொன்றரை மணி. உனக்குப் போன் பண்ணலாமா என்று எடுத்து வைத்துவிட்டேன்.

நம் டிரம்ஸ் மாஸ்டரை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்ததை உன்னிடம் சொன்னேனா? தொடையில் விரலால் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது "காலைப் பாருடா" என்றார். நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டு வந்தேன். வலியைச் சொன்னாரா, பாடத்தைச் சொன்னாரா, தெரியவில்லை. இந்த இரண்டு மாதமாக அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாப்பாவுக்கு வருகிறேன். பயிற்சிப் பேடில் கை மட்டும் வைத்து ஆறு மாதம் ஓட்ட விடாதே. பெடல் இல்லாவிட்டால் பரவாயில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தரையில் காலை வைக்கட்டும். கெண்டைக்காலிலோ முன்காலிலோ வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தச் சொல். நாள் மாற்றி நாள் இடது கையில் தொடங்கட்டும்.

பேஸைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனசு என்னவோ போலிருந்தது. உறையிலிருந்து எடுடா. அவள் கிக்கோடு சேர்ந்து ஒரே ஒரு சுரம் வாசி, அது போதும். எங்கே ஒட்டவில்லை என்று உனக்குத்தான் முதலில் கேட்கும். கேட்டால் என்னிடம் வாயை மூடிக்கொண்டிருந்த மாதிரி இருக்காமல் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு.

இரண்டு பதிவையும் அனுப்புகிறேன், பழைய 'ட்டப்' உள்பட. கேட்டுவிட்டு உண்மையை எழுது.

உன்,
நாலெண்ணி