மணமேடையில் அம்மாவுக்கு இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புரட்டாசி கழியட்டும் என்று காத்திருந்து, ஐப்பசி வளர்பிறை முகூர்த்தத்தில் என் உயிர்த்தோழியின் திருமணம் குடியாத்தத்தில் நடந்தது. ஐப்பசி அடைமழை என்பதற்கேற்ப முதல் நாள் இரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. பேர்ணாம்பட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் நனைந்த பட்டுச் சேலைகளோடுதான் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள்.

தோழிக்கு ஏழு வயதிலேயே தந்தை காலமாகிவிட்டார். அவளையும் தம்பியையும் அம்மா பீடி சுற்றி வளர்த்தார். ஆறாம் வகுப்பிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வரும் எனக்கு, ஊறவைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் அந்த விரல்கள், நாங்கள் பாடம் ஒப்பிக்கும் நேரத்திலும் ஓய்ந்ததாக நினைவில்லை. அப்படிப்பட்டவர், உறவினர் திருமணங்களில் நலங்கு வைக்கச் சுமங்கலிகளை அழைக்கும்போது, யாரும் சொல்லாமலே சமையற்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவார். மகளின் திருமணத்திலும் சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்க்கட்டும் என்று அவரே முடிவு செய்திருந்தார்.

"அம்மா கை படாமல் தாரை வார்த்தால் நான் மணையில் உட்கார மாட்டேன்" என்று தோழி ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டாள். சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார், தயங்கியவர் அம்மாதான். முகூர்த்த நேரத்தில் தூண் ஓரமாக நின்றிருந்த அவரிடம் மாப்பிள்ளையின் தாயார் மேடையிலிருந்து இறங்கி வந்து, "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றதை நான் என்றும் மறக்க மாட்டேன். புரோகிதர் மறுபேச்சின்றிச் செம்பை அவர் கையில் கொடுத்தார். ஆசி பெறச் சுற்றிவரும் தாலித் தட்டும் முதலில் அவரிடமே சென்றது. இலைக்கறை ஏறிய அந்த விரல்கள் தாலியைத் தொட்டபோது, கெட்டிமேளம் தொடங்கும் முன்பே மண்டபத்தில் பாதிப் பேர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

ஏழை விதவையரின் மகள் திருமணத்துக்கு உதவ நம் அரசு நடத்தும் திட்டம், 1920-ஆம் ஆண்டு இதே வேலூரில் பிறந்த மணியம்மையாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அரசே உதவி செய்து நடத்திவைக்கும் அந்தத் திருமணத்தில், அந்தத் தாயைத் தூண் மறைவில் நிறுத்த உறவினர்களாகிய நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மாலை மாற்றிக்கொள்வதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும் என்று தமிழ்நாடு 1967-இலேயே இந்து திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. தாரை வார்ப்பவர் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

என் தோழிக்கும் அவள் கணவருக்கும், எல்லோருக்கும் முன்பாக முதல் அடி எடுத்துவைத்த அந்தச் சம்பந்தி அம்மாவுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வாழ்த்தையும் நன்றியையும் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்கு அழைப்பிதழ் அடிக்கும் குடும்பங்களில் இத்தகைய தாய் இருந்தால், பந்தக்கால் நடுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். மேடை ஏறும் நேரத்தில் கேட்டால், அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
மணமகளின் தோழி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.