அக்கா சரி என்று சொல்லிவிட்டாள்

பேராவூரணி

அன்பு குண்டூசிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வலியைப் பற்றி அப்புறம் விசாரிக்கிறேன், முதலில் சேதியைக் கேள். நம்ம தோப்பு வீட்டு அக்கா கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை யார் என்று கேட்காதே. போன பொங்கலுக்கு வந்தபோது கிணற்றடியில் நின்று அவரைப் பார்த்துவிட்டு என் காதில் ஒன்று சொன்னாயே, அதே நாற்றங்கால்காரர்தான். உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், விஷயம் நகராது. அதனால்தான் எழுதுகிறேன். தவிர, உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், நீ முன்னாலேயே புரட்டிப் பார்க்காதே.

2018 நவம்பர் 16, கஜா அடித்த விடியற்காலை. புயல் கரையைக் கடந்தது வேதாரண்யம் பக்கம் என்றார்கள். இங்கே எங்களுக்கு மிச்சம் என்று எதுவும் இல்லை. விடிந்ததும் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அங்கிருந்து மெயின் ரோடு தெரிந்தது. அந்த வாசலில் இருந்து ரோடு தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சிங்கப்பூர் வெயிலில் நின்று அக்கா வீட்டுக்கார அண்ணன் சம்பாதித்து வாங்கின தென்னந்தோப்பு அது. அண்ணன் தவறி வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் தோப்பும் போய்விட்டது. லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் விழுந்திருந்தன, கரண்ட் எப்போது வரும் என்று கேட்க ஆள் இல்லை. அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. பிள்ளைபோல் வளர்த்து, வருஷம் முழுக்கக் காய்த்துக்கொண்டிருந்த ஒரு மரத்துக்கு அதுதான் கணக்கு.

நாற்றங்கால்காரருக்கும் அதே கதிதான். சம்சாரம் கேன்சரில் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது, தோப்பு அன்று ராத்திரி போனது. ஊரில் பாதிப் பேர் திருப்பூர், மலேசியா என்று கிளம்பினார்கள். அவர் மட்டும் எங்கெங்கோ அலைந்து நல்ல நெட்டை மரத்து நெற்றாகப் பொறுக்கி வந்து நாற்றங்கால் போட்டார். அக்கா அவரிடம்தான் கன்று வாங்கினாள். மூன்றடிக்கு மூன்றடி குழி, கன்றுக்குக் கன்று இருபத்தைந்தடி இடைவெளி, நடுவில் கடலை. எல்லாம் அவர் சொன்னபடி.

அதற்குப் பிறகு வந்தது வண்டு. நீ டவுன்காரியாகிவிட்டாய், உனக்கு மறந்திருக்கும். விழுந்த மரங்களை எல்லாராலும் உடனே அப்புறப்படுத்த முடியவில்லை, அப்படியே கிடந்து மட்கின. அந்த மட்கலில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைத்துப் பெருகும், பெருகினது நேரே இளங்கன்றின் குருத்துக்கு வரும். விரியும் மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டினதுபோல் முக்கோண வெட்டு தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவர் ஒரு கொக்கிக் கம்பியோடு வருவார். சக்கை பிதுங்கி நிற்கும் ஓட்டையில் கம்பியை விட்டு மெல்லத் திருகி இழுத்தால், கொம்போடு கறுப்பாக ஒன்று குத்துப்பட்டு வெளியே வரும். பிறகு வேப்பம்புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, குருத்தை ஒட்டின மட்டை இடுக்குகளில் வைப்பார். முதலில் அக்கா தள்ளி நின்று பார்த்தாள். அப்புறம் கலவையைக் கலந்து தயாராக வைத்தாள். அப்புறம் அவளே ஒரு கம்பி செய்து வாங்கிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு வரிசை. பேச்சு என்று பார்த்தால் உரம், மழை, தேங்காய் விலை, இவ்வளவுதான்.

மட்கலெல்லாம் அள்ளி முடிந்து வண்டும் குறைந்துபோனது. அதற்குப் பிறகும் அவர் கம்பியோடு வந்துகொண்டுதான் இருந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன வருஷம் முதல் பாளை வெடித்தது. அதைப் பார்க்க அக்காதான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாளையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னாராம்: "இனிமே நான் வர்றதுக்கு வண்டைக் காரணம் சொல்ல முடியாது. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க." எனக்கு இதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாம் பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்த தொடர்கதைகளில் காதலிக்கிற எல்லாருக்கும் இருபது இருபத்திரண்டு வயது. மழையில் நனைவார்கள், கடிதம் எழுதுவார்கள். அதில் ஒருத்தன்கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா பல மாதம் பதிலே சொல்லவில்லை. கடைசியில் "எங்க அத்தையைக் கேட்டுக்குங்க" என்றாளாம். ஆத்தாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆனால் இந்த முறை ஆத்தா சொன்னது: "எத்தனை நாளா வாசத் திண்ணையில டீ ஆறிக்கிட்டு இருக்கு. உள்ள வந்து குடிக்கச் சொல்லு." பெற்ற மகனைப் பறிகொடுத்தவள் மருமகளுக்காக இப்படிச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும் என்று நினைத்து நான் அன்றைக்குத் தூங்கவில்லை.

சரி, இப்போது வேலைக்கு வருகிறேன். அக்கா பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் போனில்கூடப் பேசுவதில்லை. அவன் கெட்டவன் இல்லை, நீ ட்யூஷன் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவன்தானே. அவன் சித்தப்பா ஓதிக்கொண்டே இருக்கிறார்: "உங்கம்மா தாலி கட்டிக்கிட்டா தோப்புல அவளுக்குப் பாத்தியதை இல்ல, இப்பவே எழுதி வாங்கிடு." இதைக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. பட்டுக்கோட்டையில் வக்கீலைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டு வந்திருக்கிறேன், நீ இதை அவனிடம் அப்படியே சொல். மறுமணம் செய்தால் புருஷன் சொத்து போய்விடும் என்பது 1856ஆம் வருஷத்துச் சட்டம். அந்தச் சட்டத்தையே 1983இல் ரத்து செய்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன அண்ணனுடைய சொந்த சம்பாத்தியத்தில் ஆத்தா, அக்கா, பையன் மூன்று பேருக்கும் சம பங்கு. வந்த பங்கு வந்ததுதான், அவள் யாரைக் கட்டிக்கொண்டாலும் போகாது. அவன் பங்கையும் யாரும் தொடப்போவதில்லை. சித்தப்பாவுக்கு அதில் ஒரு ஓலைகூடக் கிடையாது.

சட்டத்தைச் சொன்னால் வாய் அடங்கும், மனசு மாறாது என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் நீ வேண்டும். அப்பா இடத்தில் இன்னொருத்தரா என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை, அதட்டிவிடாதே. அழுதால் அழட்டும். அம்மா அந்தக் கன்றுகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததை மட்டும் சொல். அண்ணன் படத்துக்கு இன்றைக்கும் அவர்தான் பூ பறித்துக் கொடுக்கிறார், அதையும் சொல்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண உதவித் திட்டம் இருக்கிறதே, அதில் மாப்பிள்ளைக்கு 40 வயதுக்கு மேல் இருக்கக் கூடாதாம். பணம் இவர்களுக்கு வேண்டாம், ஆனாலும் நாற்பதோடு மனுஷனுக்கு எல்லாம் முடிந்துவிடுகிறதா, சொல்.

கல்யாணம் வைகாசியில், தோப்பிலேயே. ஐயர் இல்லை, மாலை மாற்றிக்கொள்வதுதான். 1967இலேயே அண்ணா அதைச் சட்டமாக்கி வைத்துவிட்டார், அப்புறம் யாருக்கு என்ன பேச்சு? தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாலை எடுத்துக் கொடுக்கப்போவது ஆத்தா.

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு லீவு, அவன் ரூமில்தான் இருப்பான். காலையிலேயே போய்விடு, பத்து மணிக்கு மேல் சினிமாவுக்குக் கிளம்பிவிடுவான். சும்மா போகாதே, அவனுக்குப் பிடித்த முறுக்கு கொண்டு போ. என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. அக்காவுக்குக் கைத்தறிப் புடவை போதுமாம், கலர் நீதான் சொல்ல வேண்டுமாம். நான் சொன்னால் எடுபடாது என்கிறாள். முழங்காலுக்குத் தைலம் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், தேய்த்துக்கொண்டு கிளம்பு.

உன்
ஸ்கேல்