பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவளின் மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைப் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கும் எழுத்தர்கள் குறைந்துவிட்டார்கள், முன்னேறும் ஆர்வமே இல்லை என்று போன வாரச் சுற்றறிக்கையில் எழுதியிருந்தீர்கள். 12 வருடமாக நம் வங்கியின் கேஷ் கவுன்டரில் உட்காருபவள் நான். இந்த முறை நானும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். ஆர்வம் இல்லாததால் அல்ல.

பணம் யாருக்கும் கசக்காது. 2024 வங்கி ஊழியர் சம்பள ஒப்பந்தப்படி எழுத்தரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாய், அதிகாரிக்கு 48,480. எனக்கு இத்தனை வருட இன்கிரிமென்ட் சேர்ந்திருப்பதால் வித்தியாசம் அவ்வளவு வராது. ஆனாலும் வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிக்கலாம். நானும் கணவரும் ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பணக்கணக்கு சரியாகத்தான் வந்தது. பிறகு அந்தக் காதுகுத்து ஞாபகம் வந்தது.

எங்கள் கிளை அதிகாரி ஒருவரின் அக்கா மகளுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி அவருடையது. பட்டு வேட்டியோடு குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்த நேரம் போன் அடித்தது. மண்டல அலுவலகம். கிளையில் விற்ற காப்பீட்டு பாலிசிகளின் எண்ணிக்கை ஏன் குறைவு என்று வீடியோ மீட்டிங், உடனே வர வேண்டுமாம். குழந்தையை இன்னொருவர் மடிக்கு மாற்றிவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். இங்கே குழந்தை வீறிட்டு அழுகிறது, அங்கே அவர் “முடித்துவிடுகிறேன் சார், இந்த வாரம் முடித்துவிடுகிறேன் சார்” என்கிறார். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அவருடைய அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் இலையைப் போட்டார். அதிகாரியின் தலையே நிமிரவில்லை.

ஐயா, எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை வேண்டும் என்று வங்கி ஊழியர் சங்கங்கள் வருடக்கணக்காகப் போராடுகின்றன. எல்ஐசிக்கு 2021லேயே கிடைத்தது. நான் அதைக்கூட இங்கே கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரவு ஏழு மணிக்கு மேல் ரிவ்யூ வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் வேண்டாம். வாய்வார்த்தையாக இல்லாமல் சுற்றறிக்கையாகவே தாருங்கள்.

எழுத்தருக்கு ஓவர்டைம் உண்டு, அதிகாரிக்கு அதுவும் கிடையாது. அவர் எத்தனை மணிக்கு வீடு போனாலும் உங்கள் பதிவேட்டில் அது செலவாக ஏறாது. அதனால்தான் காலியான இடங்களை நிரப்ப அவசரம் வரவில்லையோ என்று தோன்றுகிறது. நகைக்கடனைத் திருப்ப வரும் பாட்டியிடம் பாலிசி படிவத்தை நீட்டச் சொல்கிறீர்கள். வங்கிகள் இப்படிக் காப்பீட்டைத் தலையில் கட்டுவதை 2024 நவம்பரில் நிதியமைச்சரே கண்டித்தார். அதன் பிறகும் கிளையில் டார்கெட் குறையவில்லை. அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்து எங்களால் எப்படிப் பேச முடியும்?

கோபத்தில் ஏதேனும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடமாற்றம் வரட்டும், பையனைப் பள்ளி மாற்றிச் சேர்க்கிறேன். கூடுதல் பொறுப்பு வரட்டும், கற்றுக்கொள்கிறேன். மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு என்று எழுத்தில் மட்டும் தாருங்கள். அந்தச் சுற்றறிக்கை வரும் நாளில் எங்கள் கிளையிலிருந்து முதல் விண்ணப்பம் என்னுடையதாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு எழுத்தர்