சிம்ரன் கட்டுரையில் விடுபட்டவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரச் சினிமா இணைப்பில் நடிகை சிம்ரனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மும்பையில் மாடலாக இருந்தவர், அழகால் வாய்ப்புப் பெற்றார், இரவல் குரலில் பேசினார், 2003இல் திருமணம் ஆனதும் மார்க்கெட் போய் அம்மா வேடத்துக்கு வந்துவிட்டார் என்று கட்டுரையாளர் கணக்கை முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் தியேட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புரொஜெக்டர் ஓடும் இரைச்சலில் எங்கள் அறைக்குள் வசனம் சரியாகக் காதில் விழாது. மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தால் தலைவலிதான் மிச்சம், குறைத்தே வைத்திருப்பேன். சுவரில் உள்ள சிறு கண்ணாடி வழியே தெரியும் படம்தான் எனக்குப் படம். அப்படிப் பார்த்தால் பல பேருடைய நடிப்பில் பாதி காணாமல் போய்விடும். (பெரிய பெயர்களும் அதில் உண்டு. எதற்கு வம்பு?)

சிம்ரனுக்கு அப்படி ஆகவில்லை. 1999இல் 'துள்ளாத மனமும் துள்ளும்' பெட்டி வந்தபோது, பார்வை திரும்பிக் கலெக்டராகிவிட்ட பெண் (சிம்ரன்), தான் முகம் பார்த்திராத குட்டி (விஜய்) யாரென்று அவன் பாட்டை வைத்துக் கண்டுகொள்ளும் கடைசிக் கட்டத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தேன். கடைசி ரீல் ஓடும்போது எனக்குக் கை நிறைய வேலை இருக்கும். ஆனாலும் அந்த இடம் வந்தால் கண்ணாடிக்குப் போய்விடுவேன். கோபம் வடிந்து அந்த முகம் உடைவதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வசனமும் தேவைப்படவில்லை. பல படங்களில் சவிதா அவருக்குக் குரல் கொடுத்தது ஊரறிந்த விஷயம். அந்த அம்மாவின் திறமைக்கும் ஒரு கும்பிடு. ஆனால் இரவல் குரல் என்பதால் இரவல் நடிப்பு ஆகிவிடாது. விளம்பரத்தில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வசனம் கிடையாது. உடம்பாலும் கண்ணாலும்தான் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கம் வீண்போகவில்லை என்பதே என் எண்ணம்.

அம்மா வேடத்துக்கு வருகிறேன். 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது 2002 பிப்ரவரியில். சிம்ரனுக்கு அப்போது 26 வயது நிரம்பவில்லை. ஒன்பது வயதுச் சிறுமிக்கு வளர்ப்புத் தாய். பெற்றவளாக வரும் நந்திதா தாஸிடம் குழந்தை கேள்வி மேல் கேள்வி கேட்கும்போது, விட்டுக்கொடுக்கவும் முடியாமல் இழுத்துப் பிடிக்கவும் முடியாமல் பக்கத்தில் நிற்பாரே, அது மார்க்கெட் போனவர் நின்ற இடமா? அதே ஆண்டில்தான் கமலோடு 'பம்மல் கே. சம்பந்தம்', 'பஞ்சதந்திரம்' இரண்டும் வந்தன. 'யூத்'தில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடியதும் அப்போதுதான். அந்தப் பாட்டுக்கு அரங்கில் எழுந்த விசில் மட்டும் புரொஜெக்டர் இரைச்சலையும் மீறி என் அறைக்குக் கேட்டது.

2008இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் அப்பா, மகன் என இரு வேடத்தில் வந்த சூர்யாவுக்கே மனைவி, சூர்யாவுக்கே தாய். சூர்யா அவரைவிட மூத்தவர்! இதைச் சரிவு என்று எழுத எப்படி மனம் வந்ததோ.

சின்னத்திரையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. தூர்தர்ஷன் மெட்ரோவில் 'சூப்பர்ஹிட் முகாபலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர், பிற்பாடு ஜெயா டி.வி.யில் தம் பெயரிலேயே 'சிம்ரன் திரை' நடத்தினார். அதே சேனலின் 'ஜாக்பாட்' போட்டி நிகழ்ச்சியும் கொஞ்ச காலம் அவர் கையில் இருந்தது. என் வீட்டு அம்மாளுக்கு 'வாலி'யைவிட இவைதான் நினைவில் நிற்கின்றன.

2024இல் 'அந்தகன்', 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்று இன்றும் நடித்துக்கொண்டிருக்கிறார். 2002இல் வளர்ப்பு மகளுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போன தாய், 2025இல் இலங்கையிலிருந்து பிள்ளைகளோடு ராமேஸ்வரம் வந்து இறங்கும் தாய். ஒரு நடிகைக்கு இப்படி இரு கரையும் அமைவது அபூர்வம். கட்டுரையாளருக்கு இது கண்ணில் படவில்லை.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்தின் கீழே 'வாலி' என்று அச்சாகியிருக்கிறது. அது 'ஜோடி'. சிம்ரனுக்குப் பக்கத்தில் தோழியாக நிற்கும் பெண் த்ரிஷா. திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
கோவில்பட்டி